மூணு கால் நாயும் நீ சொன்ன படமும்

என் தங்க நைனாவுக்கு,

உன் பெரிய பொண்ணு பிலோ எழுதறேன். எப்படி இருக்க? அங்க டீ கிடைக்குதா? கிடைச்சா ஒண்ணு சொல்லிட்டு, அம்மாவையும் பக்கத்துல குந்த வச்சிகினு இதைப் படி. நின்னுகினு மட்டும் படிக்காத. சிரிச்சி விழுந்தாலும் விழுவ, என் மேல கோவம் வந்து துண்டை உதறித் தோள்ல போட்டுகினு எழுந்து போனாலும் போவ. ரெண்டுல எதுன்னு எனக்கே தெரியல.

அந்தப் படம் கிடைச்சிடுச்சி நைனா.

எந்தப் படம்னு கேக்காத. வாழ்நாள் பூரா சொல்லிகினு இருந்தியே, வெள்ளைக்காரன் உன்னைப் பிடிச்ச படம், அதேதான். போன மாசம் நம்ம கோயில் மண்டபத்துல வெள்ளைத் துணி கட்டி ஓட்டினாங்க. நான் முன்வரிசையில உக்காந்து பார்த்தேன்.

கல்லறைத் திருநாள் மலருக்கு யாராவது எழுதிக் குடுங்கன்னு ஃபாதர் கேட்டாரு. நான் டோல்கேட்டுல கவுனும் ஜாக்கெட்டும் தைக்கிறவ. துணி மேல சாக்பீஸால கோடு போடத் தெரியும், காகிதத்துல எனக்கு என்ன வேலை? ஆனா இதை எழுதாம விட்டா என் நெஞ்சு வெடிச்சிடும். உன்னைத் தெரியாதவங்களும் படிக்கப் போறாங்க, அதனால முதல்லர்ந்து சொல்றேன். நடுவுல பூந்து, "அப்டி இல்லடி, நான் சொல்றேன் கேளு"ன்னு ஆரம்பிக்காத.

படிக்கிறவங்களே, இவரு பேரு அந்தோணி. கப்பல்லர்ந்து இரும்பும் மூட்டையும் தூக்கி இறக்குற வின்ச்சை ஹார்பர்ல ஓட்டினவரு. ராயபுரத்துல வந்து "வின்ச் அந்தோணி வீடு எது?"ன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. "பீலா அந்தோணி"ன்னு கேட்டாத்தான் கை காட்டுவாங்க. பீலா வுடறதுன்னா எங்க பக்கத்துல இல்லாததை இருக்குன்னு அளந்து விடறது. அந்தப் பேரை வச்சவரு டீக்கடை பாபு அண்ணன். வச்சதுக்குக் காரணம் அந்தப் படக் கதை.

கதை இதுதான். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போறதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்ச நேரம். ஹார்பர் எஞ்சினீரு ஒருத்தன் காசிமேட்டுக் கரைக்கு வரான். தலையில தொப்பி, அரை டவுசரு, ஒரு படப்பெட்டி, அதை நிறுத்த மூணு கால் ஸ்டாண்டு. கட்டுமரம் கரை ஏறுறதைப் பிடிக்க வந்திருக்கான். நைனாவுக்கு அப்ப ஆறு வயசு. இதுக்கு மேல அவரு வாயாலயே கேளுங்க, எனக்கு மனப்பாடம்.

"மிசினுக்கும் மூணு காலு, நம்ம நாய்க்கும் மூணு காலு. நம்ம குப்பத்துல சிப்பாய்னு ஒரு நாயி. பின்னங்காலு ஒண்ணு கெடையாது, ரயிலு எட்த்துகினு போய்ட்ச்சி. அது இன்னா பண்ணிச்சி, நேரா போயி தொரையோட ஸ்டாண்டுல காலைத் தூக்கிட்ச்சி! தொரை குதிச்சான் பாரு, மிசினே ஆடிப்போச்சி. நானு சிரிக்கிறேன், சிரிக்கிறேன், வவுத்த புட்ச்சிகினு சிரிக்கிறேன். தொரை மிசினை என் பக்கம் திருப்பிட்டான். நான் அதுல கீறேன். அப்போ எங்கம்மா வந்து..."

இந்த எடத்துல பாபு அண்ணன் டீ ஆத்துறதை நிறுத்திட்டுக் கேப்பாரு: "இரு அண்ணாத்த. நாய்க்குக் கீறதே மூணு காலு. அதுல ஒண்ணைத் தூக்கினா மீதி ரெண்டு காலுல நின்னுச்சா? சர்க்கஸ் நாயா அது?"

கடையே சிரிக்கும். நைனாவும் சேர்ந்து சிரிப்பாரு. கதை அதோட நின்னுடும். "அப்போ எங்கம்மா வந்து"க்கு அப்பால என்னன்னு ராயபுரத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

சரி நைனா, இனிமே உன்கிட்டயே பேசறேன்.

என் நிச்சயதார்த்தம் உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லா இருக்கு. எண்ணூர்லர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து இதே கோயில் மண்டபத்துல உக்காந்திருந்தாங்க. அவங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே நடுக்கம். வெத்தலை பாக்கு மாத்தி, கேசரி குடுத்து, எல்லாம் சோக்கா போய்கினு இருந்துச்சி. நீ நாற்காலியை இழுத்துப் போட்டு, "மிசினுக்கும் மூணு காலு"ன்னு ஆரம்பிச்ச. நாய் காலைத் தூக்கின எடத்துல மாப்பிள்ளையோட மாமா, "மூணு கால்ல எப்படிங்க?"ன்னு கேட்டுச் சிரிச்சாரு. வரிசையா எல்லாரும் சிரிச்சாங்க. நீ விடல. "கேளு சம்பந்தி, அப்போ எங்கம்மா வந்து"ன்னு கையைத் தூக்கின.

நான் பட்டுப்புடவையோட எழுந்து நின்னு சொன்னேன்: "அவரு சொல்றதை நம்பாதீங்க. சும்மா பீலா."

தூக்கின கை அப்படியே கீழ இறங்குச்சி. "ஆமாமா, சும்மா தமாசுக்கு"ன்னு சொல்லிட்டு நீ கேசரித் தட்டை எடுத்துகின. அதுக்கப்புறம் நீ கண்ணை மூடற வரைக்கும் என் எதிர்ல அந்தக் கதையைச் சொன்னதே இல்ல. பாபு அண்ணன் கடையில சொல்லிகினு இருப்ப. நான் தெருமுனையில வர்றதைப் பார்த்தா, "இன்னா வெயிலு கொளுத்துது பாரு"ன்னு பேச்சை மாத்திடுவ. ஊரு பீலான்னு சொன்னா சிரிச்ச. நான் ஒரு தடவை சொன்னதுக்கு வாயை மூடிகின.

நான் மன்னிப்பு கேக்கல. இன்னிக்கிக் கேக்கலாம், ஞாயித்துக்கிழமை கேக்கலாம்னு இருபது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சி. அப்புறம் நீயே போயிட்ட. ஆறு வருஷமா உன் கல்லறையில மெழுகுவத்தி ஏத்தும்போதெல்லாம் நான் வேண்டினது ஒண்ணே ஒண்ணுதான். நைனா சொன்னது நெசம்னு எனக்கு ஒரு தடவை தெரிஞ்சா போதும், சொன்ன வார்த்தையை நானே வாங்கிக்கிறேன்.

இப்ப படத்துக்கு வரேன். மாலதின்னு ஒரு பொண்ணு, பழைய படச்சுருளையெல்லாம் சேர்த்துப் பாதுகாக்கிற எடத்துல வேலை பாக்குது. அந்தக் காலத்துல இங்க உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரங்க ஊருக்குத் திரும்பிப் போயி பரண்ல போட்டு வச்ச சுருளுங்களாம். அவங்க பேரப்பிள்ளைங்க எடுத்துக் குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுக் கல்யாணம், தோட்டத்துல டீ, இதுங்களுக்கு நடுவுல நம்ம தெரு, நம்ம கடல், நம்ம ஜனங்க. "வெள்ளைக்காரங்க பேரு எல்லாம் எழுதி வச்சிருக்கு. இவங்க பேரு ஒண்ணு கூட இல்ல. பார்த்து யாராவது தெரிஞ்சா சொல்லுங்க"ன்னு மாலதி கேட்டுச்சி.

எனக்குச் சேதி சொன்னது பாபு அண்ணன்தான். என் தையக்கடை வாசல்ல வந்து நின்னு, "பிலோ, மண்டபத்துக்கு வா மே. உங்க நைனா ஆக்ட் குடுத்த படம் ஓட்டுறாங்களாம்"னு பல்லைக் காட்டினாரு. எனக்குச் சுருக்குன்னுச்சி. தச்சிகினு இருந்த கவுனை அப்படியே மிஷின்ல விட்டுட்டு, என் பையன் ஜெரோமைக் கூட்டிகினு போனேன். வேணும்னே முன்வரிசையில உக்காந்தேன்.

நைனா, நீ பார்த்திருக்கணும்! படத்துக்குச் சத்தமே கிடையாது, ஆனா மண்டபத்துல காது கிழிஞ்சிது. தொரை வீட்டுத் தோட்டம் வந்தப்ப எல்லாரும் கொட்டாவி விட்டாங்க. ராயபுரம் ஸ்டேஷன் தூண் வந்துச்சி பாரு, "டேய், நம்ம ஸ்டேஷன்டா! வெளிய ஜட்கா நிக்குதுடா!"ன்னு ஒரே கூச்சல். தெருக்குழாய்ல ஒருத்தன் தலைக்குச் சோப்பு போட்டுகினு இருந்தான். படம் பிடிக்கிறாங்கன்னு பார்க்கக் கண்ணைத் திறந்து, எரிஞ்சி, குதிச்சான். விசில் பறந்துச்சி. அப்புறம் ஹார்பர்ல கூடை கூடையா கரி தூக்கிகினு வரிசையா பொம்பளைங்க. அதுல ஒருத்தி மட்டும் நின்னு, கரி படிஞ்ச கையால முடியை ஒதுக்கிட்டு நேராப் பார்த்தா. "சோக்கா கீறா!"ன்னு பின்னாலர்ந்து யாரோ கத்தினாங்க. எண்பது வருஷம் கழிச்சி அவளுக்குப் போய்ச் சேர்ந்த வார்த்தை அது. அவளுக்குக் கேட்டிருக்குமா?

அடுத்தது கடல். கட்டுமரம் அலையில ஏறி இறங்கி வருது. மணல்ல வலை காயுது. அப்ப துணியோட ஓரத்துலர்ந்து நொண்டி நொண்டி ஒரு நாய் வந்துச்சி. பின்னங்கால் ஒண்ணு இல்ல.

"சிப்பாய்!"னேன். சத்தமாவே சொல்லிட்டேன் போல, மண்டபமே திரும்பிப் பார்த்துச்சி.

நாய் நேரா, கரையில கிடந்த கட்டுமரத்துகிட்ட போச்சி. அது எந்தக் காலையும் தூக்கல நைனா! கால் இல்லாத பக்கத்தைக் கட்டுமரத்துக்கு நேரா திருப்பிகினு, மூணு காலையும் மணல்ல ஊனிகினு, ஜோரா ஒண்ணுக்கு அடிச்சிச்சி. தூக்கறதுக்குத்தான் அங்க காலே இல்லியே! இது ஏன் ஒருத்தருக்கும் தோணல? உனக்கே தோணல போல. தோணியிருந்தா பாபு அண்ணனை உண்டு இல்லன்னு பண்ணியிருப்ப.

அப்புறம் நாய் நம்மளைப் பார்த்து வந்துச்சி. பெருசாகி பெருசாகி, படத்துக்குக் கீழ போயி மறைஞ்சிடுச்சி. ரெண்டு மூணு நொடி ஒண்ணும் இல்ல. திடீர்னு படம் குலுங்கிச்சி. கடல் சாஞ்சிது, வானம் வந்துச்சி, ஒரு பூட்ஸ் காலு வந்துச்சி. மண்டபம் எழுந்து நின்னு கத்துது நைனா! பாபு அண்ணன் தலையில கை வச்சிகினு, "அடப்பாவி நாயே, நெசமாவே அடிச்சிட்டியா!"ன்னாரு.

நான் ரெண்டு கையையும் கோத்துகினேன். இப்ப தொரை மிஷினைத் திருப்புவான், அங்க ஆறு வயசுல நீ நிப்பன்னு கண்ணைக் கொட்டாம பார்த்தேன். மிஷின் திரும்புச்சி. அங்க நீ இல்ல.

ஒரு பொம்பளைப் புள்ளைதான் நின்னுகினு இருந்துச்சி. வெள்ளைக் கவுனு, மூக்குல மூக்குத்தி, உச்சந்தலையில ரிப்பன் கட்டின குடுமி. வயித்தைப் புடிச்சிகினு அப்படி ஒரு சிரிப்பு. சுத்திமுத்தும் பார்த்தேன், ஒரு ஆம்பளைப் புள்ளை கூட இல்ல. மாலதி நோட்டுல "சிறுமி, நாய்"னு எழுதிச்சி.

பாபு அண்ணன் இந்தத் தடவை கிண்டலாச் சொல்லல. மெதுவா என் தோளாண்ட குனிஞ்சி, "நாயி நெசம்தான் பிலோ. உங்க நைனா யாரோ சொல்லக் கேட்டதைத் தன் கதைன்னு வுட்டுகீறாரு. வுடு மே"ன்னாரு. அந்த இரக்கத்தை என்னால தாங்க முடியல. அவரு கலாய்ச்சிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன்.

அந்த நேரத்துல அந்தப் புள்ளை படத்துல கிட்ட வந்துச்சி. இன்னும் கிட்ட. ரெண்டு கையாலயும் மேல் இமையைப் புடிச்சி, படக்குனு வெளிப்பக்கமா புரட்டி, உள்சதையைக் காட்டிச்சி பாரு!

"தாத்தா!"ன்னு ஜெரோம் அலறினான்.

சின்ன வயசுல சோறு சாப்பிடலன்னா அவனை நீ அப்படித்தானே பயமுறுத்துவ? எழுபது வயசுல கூட இமையைப் புரட்டிகினு கதவாண்ட நிப்பியே. அப்பத்தான் அந்தக் கவுனைப் பார்த்தேன், தையல்காரி கண்ணால. தோள் தொங்குது, இடுப்பு தொடைகிட்ட நிக்குது. அது அந்தப் புள்ளைக்குத் தச்ச கவுனு இல்ல, வேற யாருக்கோ தச்சது. அப்புறம் அந்த மூக்குத்தி. உன் இடது மூக்குல ஒரு பொட்டு ஓட்டை இருக்கும். கேட்டா "தூண்டி முள்ளு ஏறிட்ச்சி"ன்னு சொல்லுவ. மீன் பிடிக்கப் போகாத ஹார்பர் ஆளுக்கு மூக்குல எப்படித் தூண்டி முள்ளு ஏறும்னு எங்க யாருக்கும் கேக்கத் தோணலியே!

கடைசியா ஒரு கை உள்ள வந்து அந்தப் புள்ளை காதைத் திருகிச்சி. கையோட சொந்தக்காரி வந்தா. ஒல்லியா, கண்டாங்கிச் சேலையில, முப்பது வயசு இருக்கும். மிஷினைப் பார்த்து என்னமோ திட்டினா. திட்டிகினே இருந்தவ, திடீர்னு வாயைப் பொத்திகினு சிரிச்சா. படம் அதோட வெள்ளையா போச்சி.

"கண்ணைப் புரட்டுறதெல்லாம் எல்லாப் புள்ளையும்தான் பண்ணும் பிலோ. பொம்பளைப் புள்ள எப்டி உங்க நைனா ஆவும்?"னு பாபு அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்ல உசுரோட இருக்கிறது ஒரே ஒரு ஆளு.

மறுநாள் காலையில மாலதிகிட்டர்ந்து அந்தப் படத்துண்டை என் போன்ல ஏத்திகினு திருவொத்தியூருக்குப் பஸ் ஏறினேன். உன் அக்கா ரோசி அத்தைக்குத் தொண்ணூறு ஆகப் போவுது. காது கேக்காது, கண்ணு மட்டும் பருந்து. வாசல்ல குந்திகினு கீரை ஆய்ஞ்சிகினு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லாம போனைக் காட்டினேன். படம் ஓடிச்சி. அத்தை கையிலர்ந்து கீரை விழுந்துடுச்சி.

"ஐயோ, என் கவுனு!"

முதல் வார்த்தை அதுதான் நைனா! "என் புதுநன்மைக் கவுனுடி! கோயில்ல மொத நற்கருணை வாங்கச்சொல்ல ஒரே ஒரு தபா போட்டேன். அத்தக் கொண்டுபோயி இந்தக் கஸ்மாலத்துக்கு மாட்டி வுட்டுட்ச்சி எங்கம்மா. அந்த நாய்கூட பொரண்டு, கிய்ச்சி எட்த்தாந்தான். இன்னிக்கி வரைக்கும் நான் அவன மன்னிக்கல!"

"யாரை அத்தை? யாரு அது?"ன்னு காதுகிட்ட கத்தினேன்.

"யாரா? உங்க நைனாதான்டி. எந்தம்பி."

அங்கயே தரையில உக்காந்துட்டேன். அழுதேனா சிரிச்சேனான்னு கேட்டா ரெண்டும்தான். எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனா.

அத்தை அப்புறம் சொன்னாங்க. உனக்கு முன்னாடி பொறந்த ஆம்பளைப் புள்ளைங்க மூணும் வரிசையா போயிடுச்சாம். நீ பொறந்ததும் உங்கம்மா, செபஸ்தியம்மா, அந்தோணியார்கிட்ட நேர்ச்சை வச்சிருக்காங்க. ஏழு வயசு வரைக்கும் மூக்கு குத்தி, பொம்பளைப் புள்ளையாவே வளர்க்கிறேன்னு. "சாவு தேடிகினு வந்தா, இந்த வூட்டுல ஆம்பளைப் புள்ளையே இல்லன்னு திரும்பிப் போய்டணும்"னு சொல்லுவாங்களாம். நம்ம பக்கத்துல அப்ப அது வழக்கம்தானாம். அத்தை சொல்லச் சொல்ல எனக்கு மண்டபம்தான் கண்ணுல வந்துச்சி. சாவை ஏமாத்தறதுக்குப் போட்ட வேஷத்துல நாங்க அத்தனை பேரும் ஏமாந்து உக்காந்திருந்தோம்.

பெரியவன் ஆனதும் நீ அத்தைகிட்ட சத்தியம் வாங்கிட்டியாமே? கவுனு விஷயத்தை ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. அம்மாவுக்குக் கூடத் தெரியாதாமே! நைனா, இப்ப பக்கத்துல திரும்பி அம்மா மூஞ்சைப் பாரு. நல்லா வாங்கிக்க.

நான் அத்தைகிட்ட கேட்டேன்: "அப்போ எங்கம்மா வந்து, எங்கம்மா வந்துன்னு சொல்லுவாரே அத்தை. அப்பால இன்னா?"

அத்தை போனை மறுபடி ஓட்டச் சொன்னாங்க. காதைத் திருகுற எடம் வந்துச்சி. திட்டுற எடம் வந்துச்சி. வாயைப் பொத்திச் சிரிக்கும்போது அத்தை அந்தக் கன்னத்தைத் தொட விரலை நீட்டினாங்க. விரல் பட்டதும் படம் நின்னுடுச்சி. உங்கம்மா சிரிச்ச மூஞ்சியோடயே நின்னாங்க.

"தோ, இத்தான். எங்கம்மா வந்து சிரிச்சிட்ச்சி. மூணு புள்ளைய மண்ணுல வச்சவ, எங்கருந்து சிரிப்பா? அம்மா சிரிச்சி நாங்க பார்த்தது அந்த ஒரு நாளுதான். அடுத்த மழைக்கே காய்ச்சல்ல போய்ட்ச்சி. ஒரு போட்டோ கெடையாது. மூஞ்சே மறந்துபோச்சிக்கான்னு உங்க நைனா என் மடியில படுத்து அழுவான். அவன் இன்னா தன்னப் பத்திப் பீத்திக்கவா அந்தக் கதைய சொன்னான்? எங்கம்மா சிரிச்சத சொல்றதுக்குதான்டி. எவன் அத்த முடிக்க வுட்டீங்க?"

எவனும் விடல நைனா. நானும் விடல. அன்னிக்கி மண்டபத்துல நீ தூக்கின கை உங்கம்மாவுக்காகத் தூக்கின கை. நான் அதைத் தட்டிவிட்டேன். மன்னிச்சிடு நைனா. நீ சொன்னது நெசம். நான் சொன்னதுதான் பீலா.

இன்னொண்ணுக்கும் மன்னிப்பு. ஜெரோம் ஒரு வயசுப் புள்ளையா இருந்தப்ப, எல்லா வீட்டுலயும் பண்ற மாதிரி நான் அவனுக்குக் கவுனு தச்சிப் போட்டு, பொட்டு வச்சி, பூ வச்சி, போட்டோ எடுக்கக் கிளம்பினேன். நீ பார்த்துட்டு, "கயட்டு! மொதல்ல அத்தக் கயட்டு!"ன்னு கத்தின கத்துல புள்ளை வீறிட்டான். சாப்பிடாம எழுந்து போயிட்ட. பேரன் ஆம்பளைன்ற திமிருன்னு நினைச்சி ஒரு வாரம் உன்கிட்ட பேசல நான். எங்களுக்கு அது விளையாட்டு. உனக்கு அது சாவு வாசல்ல நிக்கிற வீட்டுத் துணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

திரும்பி வர்றப்ப பஸ்ல ஒரே குழப்பம். நீ சொன்னது நெசம்னு ஊருக்குச் சொல்லணும்னா கவுனையும் சேர்த்துத்தான் சொல்லணும். நீ வாழ்நாள் பூரா மூடி வச்சதை நான் உடைக்கலாமா? கிளம்பும்போதே அத்தைகிட்ட கேட்டிருந்தேன். "சொல்லு மே. இதுல வெக்கம் இன்னா கீது? எங்கம்மா போட்ட கவுனுதான் அவன எண்பது வயசுக்கு மேல இஸ்துகினு வந்துச்சி. ஆனா கவுனு யாருதுன்னு கேட்டா ரோசியோடதுன்னு சொல்லு"ன்னாங்க. சத்தியத்தை அத்தையே உடைச்சாச்சி. இனிமே எனக்கு என்ன?

நேரா பாபு அண்ணன் கடைக்குத்தான் போனேன். அத்தையை மறுபடி முதல்லர்ந்து சொல்ல வச்சி, போன்ல பிடிச்சி வச்சிருந்தேன். சத்தமா வச்சிப் போட்டுக் காட்டினேன். பாபு அண்ணன் அடுப்பைச் சிம்ல வச்சிட்டு முழுசா கேட்டாரு. அப்புறம் ஒரு டீ போட்டு, நீ எப்பவும் உக்கார்ற பெஞ்சு மூலையில கொண்டுபோய் வச்சாரு. "தப்பாயிட்ச்சி அண்ணாத்த. நாப்பது வருஷமா நாயி காலையே எண்ணிகினு இருந்துட்டேன்"னு காலி எடத்தைப் பார்த்துச் சொன்னாரு. கண்ணு கலங்கிடுச்சி அந்த மனுஷனுக்கு. டீ ஆறிப்போறதுக்குள்ள ஜெரோம் எடுத்துக் குடிச்சிட்டான், உன் பேரன்தானே.

"இனிமே பீலா அந்தோணின்னு எவனாவது சொன்னான், பல்லை உடைச்சிடுவேன்"னாரு பாபு அண்ணன். நான் வேணாம்னுட்டேன். அந்தப் பேரு இருக்கட்டும்ணா, கேக்கிறவங்களுக்கு ஏன் அந்தப் பேருன்னு சொல்ற சாக்குல கதையைச் சொல்லலாம்னேன்.

மாலதி நோட்டுல "சிறுமி, நாய்"னு எழுதினதை அடிச்சிட்டு, என்னையே எழுதச் சொல்லிச்சி. இங்கிலீஷ்ல எழுதணுமான்னு கேட்டேன். தமிழ்லயே எழுதுங்கன்னுச்சி. எழுதினேன்: அந்தோணி, வயசு ஆறு. தாய் செபஸ்தியம்மா. நாய் சிப்பாய். கவுன் ரோசியுடையது. இனிமே அந்தப் படத்தை உலகத்துல எவன் எடுத்துப் பார்த்தாலும் உங்க நாலு பேரையும் பார்த்துட்டுத்தான் போகணும்.

உங்கம்மா சிரிக்கிற எடத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு, அத்தைக்கு ஒண்ணு, நம்ம வீட்டுக்கு ஒண்ணு மாட்டியாச்சி. உன் போட்டோவுக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கேன். நீ எண்பது வயசுக் கெழவன், அவங்க முப்பது வயசுப் பொண்ணு. வீட்டுக்கு வர்றவங்க "இது யாரு, உங்க நைனாவோட பொண்ணா?"ன்னு கேக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல.

கடைசியா ஒரு நல்ல சேதி. வர்ற மாசம் ஜெரோமுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வீடு வியாசர்பாடி, கலகலன்னு பேசற ஜனங்க, உனக்குப் புடிக்கும். நடக்கப் போறது அதே கோயில் மண்டபம்தான். வெத்தலை பாக்கு மாத்தி, கேசரி குடுத்து முடிஞ்சதும், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மிசினுக்கும் மூணு காலு, நம்ம நாய்க்கும் மூணு காலு"ன்னு ஆரம்பிப்பேன். மூணு கால்ல எப்படிங்கன்னு யாராவது கேக்காம இருக்க மாட்டாங்க. கேக்கட்டும், சிரிக்கட்டும். "கேளுங்க சம்பந்தி, அப்போ எங்க நைனாவோட அம்மா வந்து"ன்னு நீ தூக்கின மாதிரியே கையைத் தூக்குவேன்.

அவங்க சிரிச்சதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை நான் கீழ இறக்க மாட்டேன் நைனா. இது அந்தோணியார் மேல சத்தியம்.

இப்படிக்கு,
பீலா அந்தோணியோட பெரிய பொண்ணு,
சிரிச்ச செபஸ்தியம்மாவோட பேத்தி,
பிலோ